கிளிவோன் வெள்ளியும் வெள்ளைச் சாணைக்கல்லும்

தர்சுகியின் கை நடுங்குகிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் எனக்குத்தான் அசிங்கம்.

நான் தஸ்ரோனி. தெகால் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் இபு ஹாஜி ரோக்கயாவின் பட்டறையில் பெரிய லேத்தை ஓட்டுகிறவன். எங்கள் ஊரில் பெண்களை இபு என்றும், பெரியவர்களைப் பாக் என்றும், அண்ணன் முறையில் இருப்பவர்களைக் காங் என்றும் கூப்பிடுவோம். மீன்பிடிப் படகுகளின் விசிறித்தண்டு உள்ளே சுற்றுகிற வெண்கலக் குழல்களான புஷ்களைக் கடைந்து கொடுப்பது என் வேலை. கடைவதற்கு உளி வேண்டும், உளிக்கு முனை வேண்டும், அந்த முனையை வைத்துத் தருகிறவர் தர்சுகி. மற்றப் பட்டறைகளில் அவனவன் உளியை அவனவனே தீட்டிக்கொள்வான். எங்களிடம் அப்படி இல்லை. பத்துப் பேர் தொட்டால் கல் பல்லிளித்துவிடும் என்று சொல்லி, மறைந்த முதலாளி பாக் ஹாஜி சொபிரின் என்பவர் சாணை இயந்திரத்துக்கென்று ஒரே ஆளை உட்கார வைத்தார். அது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு. தர்சுகி இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயது ஐம்பத்தெட்டு. ஒல்லி உடம்பு. வைக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாதது போல ஒரு மீசை. வீட்டிலிருந்து ஒரு தலையணையை மடித்துக் கொண்டுவந்து முக்காலியில் போட்டு உட்காருவார். எதைக் கேட்டாலும் “இருக்கலாம்” என்பார். மழை வருமா? இருக்கலாம். பசிக்கிறதா? இருக்கலாம். அவர் மனைவி வார்சினா கருவாடு காயப்போட்டு விற்கிறவர். அந்த அம்மாளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டபோதும் இதையே சொல்லியிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பத்து மணிக்கு மண்கூஜாவில் தேநீர் வரும். எல்லோரும் கோப்பையைக் கையில் எடுத்துக் குடிப்போம். தர்சுகி எடுக்கமாட்டார். மேசையில் வைத்த கோப்பையை நோக்கி அவரே குனிந்து, கோழி தண்ணீர் குடிப்பது போலக் குடிப்பார். மற்ற நேரங்களில் அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. உளி இல்லாவிட்டால் ஒரு துணி, துணி இல்லாவிட்டால் சட்டைப்பை. ஆளுக்கு ஆள் ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

அவருடைய இயந்திரத்தில் இரண்டு கற்கள். இடது பக்கம் சாம்பல் நிறத்தில் முரட்டுக்கல், வலது பக்கம் வெள்ளைக்கல். முரட்டுக்கல்லில் வடிவம், வெள்ளைக்கல்லில் கூர். உளியைக் கல்லுக்கு முன்னால் இருக்கும் தாங்குதட்டில் ஊன்றி, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் இழுப்பார். வாங்கி லேத்தில் மாட்டி ஓட்டினால், புஷ்ஷின் உள்பக்கத்தில் முகம் பார்க்கலாம். அவர் தீட்டிய உளியை நான் சோதித்துப் பார்த்ததே கிடையாது.

போன வருடம் நோன்பு மாதத்துக்கு முன்னால் பாக் ஹாஜி இறந்துபோனார். பட்டறை அவர் மனைவி இபு ஹாஜியின் கைக்கு வந்தது. அதோடு பூக்கிண்ணமும் வந்தது.

எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில் முப்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை வருகிற கிளிவோன் வெள்ளிக்கு முந்தின மாலை, இயந்திரங்களை நிறுத்திய பிறகு, ரோஜாவும் மல்லிகையும் போட்ட தண்ணீரை அவற்றின் மேல் தெளிப்பது பாக் ஹாஜியின் வழக்கம். மெக்காவுக்குப் போய்வந்தவர் செய்கிற காரியமா இது என்று ஒருவர் கேட்டாராம். “நான்தான் போனேன், லேத் போகலையே” என்றாராம் இவர். மறுநாள் வெள்ளி, பட்டறைக்கு விடுமுறை. சனிக்கிழமை நாங்கள் வரும்போது தரையில் காய்ந்த இதழ்கள் கிடக்கும். கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குவோம். இபு ஹாஜியும் அதை ஒரு தடவைகூட விடாமல் செய்துவந்தார்.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அரிசியை ஏழு தண்ணீரில் கழுவுவார். யாரையும் திட்டமாட்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பார். அப்படிக் கேட்டுவிட்டால் அதற்கடுத்த வாக்கியம் நல்லதாக இருந்ததில்லை.

சாணை இயந்திரம் முதல் தடவை ஆடிய சனிக்கிழமை, பட்டறை கைமாறி ஒரு மாதம் இருக்கும், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் தர்சுகி சாணை இயந்திரத்தை ஓட்டியதும் மேசையில் இருந்த போல்ட்டுகள் நடந்து போய்க் கீழே விழுந்தன. இயந்திரம் அப்படி அதிர்ந்தது. அவர் அதிலேயே எப்படியோ ஒரு உளியைத் தீட்டிக் கொடுத்தார். நான் பார்க்காமல் மாட்டினேன். நாலு புஷ் கடைந்தேன். படகுக்காரர் வந்து ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

“என்னப்பா, உள்ள படிக்கட்டு கட்டியிருக்க?” என்றார்.

நாலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு பேர் முன்னால். உளியை எடுத்துக்கொண்டு தர்சுகியிடம் போனேன்.

“என்ன காங் இது? முனையெல்லாம் அலை அலையா இருக்கு!”

“மிஷின் ஆடுது” என்றார்.

“மிஷினா ஆடுது? உங்க கை ஆடுது! வயசாச்சுன்னா வீட்ல உக்காந்து கருவாட்டுக்குக் காக்கா ஓட்டுங்க. என் பேரை எதுக்குக் கெடுக்கறீங்க?”

பட்டறை முழுக்கக் கேட்டது. தர்சுகி கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். “இருக்கலாம்” என்றுகூடச் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

நான் சொன்னது காற்றில் போயிருக்கும், முனாதி இல்லாவிட்டால். முனாதி துளை போடும் இயந்திரத்தில் நிற்கிறவன். அவன் இடத்தில் காற்றே வராது. சாணை இயந்திரம் ஜன்னலோரம், மேலே மின்விசிறி. அந்த முக்காலியின் மேல் அவனுக்குப் பத்து வருட ஆசை. “காங் தர்சுகிக்குக் கை உதறுதாம், தஸ்ரோனியே சொன்னான்” என்று டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான். மத்தியானத்துக்குள் அது இபு ஹாஜியின் அடுப்படிக்கும் போய்விட்டது.

அன்றைக்குத் தர்சுகி இயந்திரத்தின் அடிப் போல்ட்டுகளை இறுக்கினார். அடியில் இருந்த நைந்த ரப்பரை மாற்றினார். முனாதி கேட்காமலே வந்து, ஒரு கட்டையால் இயந்திரத்தின் முதுகில் இரண்டு போடு போட்டான். எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தால் அதிர்வு குறைந்திருந்தது. சாயங்காலத்துக்குள் சுத்தமாக நின்றுவிட்டது. முனாதி தன் அடியால்தான் சரியானது என்றான்.

ஐந்து வாரம் ஓடியது. மறுபடி ஒரு சனிக்கிழமை போல்ட்டுகள் நடந்தன.

இந்த முறை தர்சுகி கல்லைப் பக்கவாட்டில் பார்த்தார். சுற்றும்போது கல் இடமும் வலமும் நெளிந்தது. கல்லை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற தகடுகள் தட்டி வளைத்த மெல்லிய தகடுகள். அவை சரியாக உட்காரவில்லை.

“கெட்டியா ரெண்டு ஜோடி கடைஞ்சு தர்றியா?” என்று என்னிடம் கேட்டார்.

“என் வேலையே கெட்டுக் கெடக்கு” என்று முணுமுணுத்தேன். ஆனாலும் கடைந்து கொடுத்தேன். ஒழுங்காகத்தான் கடைந்தேன், கோபத்தில் இருந்தாலும் லேத்தில் நான் பொய் சொல்வதில்லை. அவர் கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் புதிய அட்டை வளையங்கள் வைத்து, நட்டை அளவாக முறுக்கி, வைரமுனையால் கல்லின் முகத்தைச் சீவி வட்டமாக்கினார். கல்லின் நெளிவு நின்றது. மத்தியானத்துக்கு மேல் அதிர்வும் நின்றது. நான் கடைந்த தகட்டால்தான் சரியானது என்று நான் சொல்லிக்கொண்டேன்.

மேலும் ஐந்து வாரம். மூன்றாவது சனிக்கிழமை. மேசை மேல் இருந்த தேநீர்க் கூஜாவின் மூடி கழன்று விழுந்து உடைந்தது. தர்சுகி உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டார். கல் சுற்றி ஓய்வதற்குள் இபு ஹாஜி வீட்டுப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“உடம்பு எப்படி இருக்கு, பாக் தர்சுகி?” என்றார்.

எல்லா இயந்திரங்களும் தாமாகவே நின்றன.

“நல்லா இருக்கேன், இபு.”

“இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, பாவம். ஒரே இடத்துல உக்காந்தா யாருக்கும் அலுப்புதான். முனாதி கொஞ்ச நாள் இதைப் பாத்துக்கட்டும். நீங்க ஸ்டோர்ல உக்காந்து நட்டு போல்ட்டு எடுத்துக் குடுங்க. அங்க நிழலா இருக்கும்.”

முனாதி தரையைப் பார்த்தான். சிரிப்பை மறைக்கத்தான். ஸ்டோர் என்பது கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தகர அறை. அங்கே உட்கார்ந்தவர்கள் ஆறு மாதத்தில் தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிடுவார்கள்.

தர்சுகி எழுந்து நின்றார். கைகளில் எண்ணெய்த் துணி இருந்தது, அதை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“இன்னும் முப்பத்தஞ்சு நாள் குடுங்க, இபு. அதுக்கப்புறமும் ஆடுச்சுன்னா நானே எழுந்துக்கறேன்.”

ஏன் முப்பத்தைந்து, ஏன் முப்பது இல்லை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் முப்பத்தைந்து ஒரு சாதாரண எண். இபு ஹாஜி தலையசைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் தர்சுகி இரண்டு கற்களையும் கழற்றினார். கற்கள் இல்லாமல் வெறும் மோட்டாரை ஓட்டினார். அதன் முதுகில் ஐந்நூறு ரூபியா நாணயம் ஒன்றை விளிம்பில் நிறுத்தினார். நாணயம் நின்றது. ஆடவில்லை, சாயவில்லை.

“அப்ப மோட்டார் மேல தப்பில்ல” என்றேன். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. சும்மா அந்தப் பக்கம் போனேன்.

முரட்டுக்கல்லை மட்டும் மாட்டி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓட்டினார். நாணயம் விழுந்தது. அதைக் கழற்றி வெள்ளைக்கல்லை மாட்டி ஓட்டினார். நாணயம் விழுந்து உருண்டு முனாதியின் காலடிக்கே போய்விட்டது. நிறுத்தி, வெள்ளைக்கல்லைக் கழற்றி, விரலால் தட்டிக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். செத்துப்போகவில்லை, ஆனால் ஈரச்சுவரைத் தட்டினது போல மந்தமாக இருந்தது. பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார். என்னிடம் நீட்டினார்.

மோந்து பார்த்தேன். மல்லிகை வாசனை.

கழற்றி வைத்திருந்த கல்மூடியை எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். நானும் அதே வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். அல்லது அன்றைக்கு அப்படிப் போனேன். மிளகாய்க்காரியின் தராசில் கல்லை வைத்தார்.

“இது என்ன கிழங்கு?” என்று கேட்டாள் அவள்.

“சாணைக்கல்லு.”

“எனக்கு வேலை இருக்கு, பாக்.”

ஆனாலும் நிறுத்துக் கொடுத்தாள். ஒரு கிலோ எழுநூற்றெண்பது கிராம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகரக் கூரையில் கருவாட்டோடு சேர்த்துக் காயப்போட்டார். வார்சினா அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இதை யாரு வாங்குவா?” என்று கேட்டாராம். இரண்டு நாள் வெள்ளைக்கல் இல்லாமல் மிச்சமிருந்த உளிகளை வைத்தே ஓட்டினோம். மூன்றாம் நாள் மறுபடி தராசு. ஒரு கிலோ அறுநூற்றிருபது கிராம். மிளகாய்க்காரி, கிழங்கு வற்றிவிட்டது என்றாள்.

“நூத்தி அறுபது கிராம் தண்ணி” என்றார் தர்சுகி. சந்தை வாசலில் நின்றோம். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. “வியாழக்கிழமை சாயங்காலம் ஊத்தினது. கல்லு குடிச்சிரும். வெள்ளிக்கிழமை பூரா அசையாம நிக்குது இல்ல, தண்ணியெல்லாம் அடிப்பக்கம் எறங்கிடும். சனிக்கிழமை ஓட்டினா ஒரு பக்கம் மட்டும் கனம். ஆடாம என்ன செய்யும்? கொஞ்ச நேரம் ஓடினா தண்ணி தெறிச்சுப் போயிடும். தானா சரியாயிடும்.”

“அப்ப முனாதி கட்டையால அடிச்சது?”

“அடிச்சதுக்கும் சரியானதுக்கும் நடுவுல பாதி நாள் ஆச்சு.”

“நான் கடைஞ்ச தகடு?”

“நெளிவு அதுனாலதான் போச்சு. தகடு நல்ல தகடு” என்றார். என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னாரோ என்று இன்றுவரை சந்தேகம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஆளின் கையைப் பார்த்து நாலு பேர் நடுவில் கத்தியிருக்கிறேன். வெட்கம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“பாக் ஹாஜியும்தானே தண்ணி விட்டாரு? அப்ப ஆடலையே!”

“அவரு விரலால தெளிச்சாரு. இவங்க கிண்ணத்தோட ஊத்தறாங்க.”

“அப்ப இப்பவே போய்ச் சொல்லிடுவோம் வாங்க. தண்ணிதான் காரணம்னு சொல்லிட்டா முடிஞ்சுது. முனாதி மூஞ்சியை நான் பாக்கணும்.”

“சொல்லக் கூடாது.”

“ஏன்?”

“மத்த மிஷினுக்கெல்லாம் தெளிக்கத்தானே செய்யறாங்க. இதுக்கு மட்டும் ஏன் ஊத்தறாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். யாருக்குத்தான் தெரியாது? பாக் ஹாஜியின் வலது கண் இந்தச் சாணை இயந்திரத்திலிருந்து தெறித்த தீப்பொறியில்தான் போனது. அதற்குப் பிறகுதான் தர்சுகியை அங்கே உட்கார வைத்தார். இது கோபக்கார இயந்திரம், இது குளிர்ந்தால்தான் உட்காருகிறவன் கண் பத்திரமாக இருக்கும் என்று இபு ஹாஜி எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

“என் கண்ணுக்காக ஊத்தறாங்க” என்றார் தர்சுகி. “அவங்ககிட்டப் போய், நீங்க ஊத்தற தண்ணிதான் என் பொழப்பைக் கெடுக்குதுன்னு சொல்லச் சொல்றியா?”

“வேற மாதிரி சொல்லலாம்.”

“எந்த மாதிரி சொன்னாலும் அதுதானே.”

நான் எரிச்சலோடு வீட்டுக்குப் போனேன். இப்படி ஒரு மனிதருக்கு எதற்கு வாய் என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள், உங்களுக்கு எதற்கு அவ்வளவு வாய் என்று கேட்டாள்.

முப்பத்தைந்தாவது நாள் நெருங்கியது. அதற்குள் முனாதி ஒரு தலையணை வாங்கிவிட்டான். அந்த வியாழக்கிழமை வேலை முடிந்ததும் தர்சுகி இரண்டு கற்களையும் கழற்றி, தன் சாரோங் கைலியில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

“கல்லைத் திருடிட்டுப் போறாரு!” என்றான் முனாதி.

“எழுந்துக்கச் சொன்னா கல்லையும் எடுத்துக்கிட்டுத்தான் எழுந்துப்பாரு, உனக்கென்ன?” என்று அவனை விரட்டிவிட்டேன்.

நான் மட்டும் லேத்தைத் துடைக்கிறேன் என்ற பெயரில் நின்றேன். அந்திநேர மக்ரிப் தொழுகைக்குப் பிறகு இபு ஹாஜி கிண்ணத்தோடு வந்தார். என் லேத்துக்கு மூன்று துளி. துளைபோடும் இயந்திரத்துக்கு மூன்று துளி. பிறகு ஜன்னலோரம் போனார். இரண்டு பக்கமும் வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே சுத்தமாக இருந்த இடத்தை இன்னும் அழுத்தித் துடைத்தேன். அவர் குனிந்து, தண்ணீர் முழுவதையும் இயந்திரத்தின் காலடியில் தரையில் ஊற்றிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் தர்சுகி எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். கற்களைத் தட்டிப் பார்த்தார். இரண்டும் மணி போலக் கேட்டன. கருவாட்டு வாசனை கொஞ்சம் இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அட்டை வளையம், தகடு, நட்டு. முகத்தை வைரமுனையால் மெல்லச் சீவினார். இபு ஹாஜி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் முனாதி, அக்குளில் தலையணையோடு.

தர்சுகி ஒதுங்கி நின்று இயந்திரத்தை ஓட்டினார். நாணயத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீ வை” என்றார்.

நான்தான் வைத்தேன். நாணயம் விளிம்பில் நின்றது. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். முப்பது வரைக்கும் போனேன். முனாதி கிட்டே வந்து ஊதாத குறையாகப் பார்த்தான். நின்றது. தர்சுகி உட்கார்ந்து ஓர் உளியைத் தீட்டிக் கொடுத்தார். அதை மாட்டி எல்லோர் கண் முன்னாலும் ஒரு புஷ்ஷைக் கடைந்து இபு ஹாஜியிடம் கொடுத்தேன். அவர் உள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே தன் கண்ணைப் பார்த்துக்கொண்டார்.

“நல்லாருக்கு” என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், “வியாழக்கிழமை சாயங்காலம் கல்லு ரெண்டும் இல்லையே?” என்றார்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன், இபு.”

“எதுக்கு?”

தர்சுகிக்குப் பொய் பழக்கமில்லை. பழகாதவன் சொல்கிற பொய்யாகத்தான் அது வந்தது.

“வார்சினாவோட கத்தி மழுங்கிப் போச்சு. தீட்டலாம்னு.”

“மிஷின் இங்க இருந்துச்சே. கல்லை எதுல மாட்டித் தீட்டினீங்க?”

தர்சுகி எண்ணெய்த் துணியை எடுத்து முறுக்கத் தொடங்கினார். நான் நாணயத்தைப் பார்த்தேன். அது மட்டும்தான் அந்த இடத்தில் ஆடாமல் இருந்தது. இபு ஹாஜி தரையைப் பார்த்தார். வியாழக்கிழமை ஊற்றிய இடத்தில் இதழ்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. அவற்றைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி இதழ்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது.

“இனிமே ஒவ்வொரு கிளிவோனுக்கும் எடுத்துட்டுப் போங்க” என்றார். “கருவாடு வெட்டற வீடு. கத்தி மழுங்கிக்கிட்டேதான் இருக்கும்.”

“இருக்கலாம்” என்றார் தர்சுகி.

“முனாதி, அந்தத் தலையணை எதுக்கு?”

“சும்மா, இபு. ஸ்டோர்ல போடலாம்னு.”

“போடு” என்றார். அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. புதுக் கூஜா. வழக்கமாக நாங்களே ஊற்றிக்கொள்வோம். அன்றைக்கு இபு ஹாஜி தன் கையால் ஊற்றினார். கற்கண்டு போட்ட முதல் கோப்பையைச் சிறு மண்தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் தர்சுகியிடம் நீட்டினார். முதலாளி இரண்டு கையால் கொடுக்கும்போது மேசையில் வையுங்கள், குனிந்து குடித்துக்கொள்கிறேன் என்று எவனும் சொல்லமாட்டான்.

தர்சுகி துணியைக் கீழே வைத்தார். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு வாங்கினார்.

கோப்பை தட்டில் கடகடவென்று ஆடத் தொடங்கியது.

மெல்லிய சத்தம்தான். ஆனால் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. தேநீர் விளிம்பு தாண்டித் தட்டில் சிந்தியது. அவர் இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தார். சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. உளியைப் பிடித்தால் கல்லாக நிற்கிற அதே விரல்கள். சும்மா ஒரு கோப்பையைப் பிடிக்கச் சொன்னதும் இப்படி. எத்தனை வருடமாக இப்படியோ தெரியாது. அந்தச் சட்டைப்பைகளும் துணிகளும், கோழி மாதிரி குனிவதும், நான் கத்தியபோது அவர் பதில் சொல்லாததும் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கின. நான் சொன்னது பொய்யாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிடம் மனதார ஆசைப்பட்டேன்.

தர்சுகி கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முனாதி நிமிர்ந்தான். அவன் வாய் திறக்கப் போவது தெரிந்து அவன் காலை மிதித்தேன்.

இபு ஹாஜி கோப்பையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தஸ்ரோனி” என்றார், “இந்த மேசை ஆடுது பாரு. காலுக்கு அடியில ஒரு அட்டையை மடிச்சு வை.”

அந்த மேசை இரும்பு மேசை. அதன் நாலு கால்களும் சிமென்ட் தரையில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டவை. முறுக்கியவன் நான்.

பேரிங் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து நாலாக மடித்தேன். குனிந்து முட்டி போட்டேன். காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. அதனால் காலோரமாக ஒட்டி வைத்து, உள்ளங்கையால் நன்றாகத் தட்டினேன். மேலே தர்சுகி தேநீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“இப்போ?” என்றார் இபு ஹாஜி.

எழுந்து இரண்டு கையாலும் மேசையை அசைத்துப் பார்த்தேன்.

“இப்போ ஆடல, இபு” என்றேன்.